ஹீட் பம்புக்குத் தெர்மோஸ்டாட் மாற்றுவது: வயர் கழற்றுவதிலிருந்து அட்டவணை போடுவது வரை

வட கரோலினாவில் ராலே பக்கம் வீடு வாங்கிய புதிதில் ஹீட் பம்ப் என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. வெளியே ஏசி மாதிரி ஒன்று நிற்கிறது, பரணில் ஒரு பெரிய பெட்டி இருக்கிறது, குளிர்காலத்தில் சூடான காற்று வருகிறது, அவ்வளவுதான். சுவரில் இருந்து வீட்டின் சூட்டைக் கட்டுப்படுத்தும் பழைய தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு வைஃபை உள்ள ஒன்றை ஒரு சனிக்கிழமை மதியம் மாட்டினேன். வயரிங்கில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் இரவு 62 டிகிரி, காலை 6 மணிக்கு 70 டிகிரி என்று அட்டவணை போட்டுவிட்டேன், தூங்கும்போது குறைத்து வைத்தால் மிச்சம் என்று ஆபீசில் எல்லோரும் சொன்னார்கள், கேட்டுக்கொண்டேன். (இங்கே சொல்லும் டிகிரி எல்லாம் பாரன்ஹீட்தான்.) ஜனவரி மாத பில்லைப் பார்த்துவிட்டு மனைவி கேட்டாள்: "ஏங்க, யாரோட காரையாவது நம்ம வீட்டுல சார்ஜ் போட்டு வச்சிருக்கீங்களா?"

தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க இன்னொரு மாதம் ஆனது. அந்த ஒரு விஷயம் புரிந்தால் கீழே வரும் பாதி படிகள் தானாகப் புரிந்துவிடும், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஹீட் பம்ப் என்பது திருப்பி ஓடத் தெரிந்த ஏசி. கோடையில் வீட்டுக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளும், குளிர்காலத்தில் வெளியே இருக்கும் கொஞ்சநஞ்ச வெப்பத்தை உள்ளே இழுத்து வரும். வெப்பத்தை உண்டாக்காமல் இடம் மாற்றுவதால், மிதமான குளிரில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவுக்கு வெப்பம் தரும். வெளியே குளிர் ஏற ஏற அதன் திறன் குறையும். அதற்குத் துணையாக உள்ளே இருக்கும் பெட்டியில், அதாவது ஏர் ஹேண்ட்லரில், ஹீட் ஸ்ட்ரிப் என்று மின்சாரக் கம்பிச் சுருள் வைத்திருப்பார்கள். தண்ணீர் காய்ச்சும் வாட்டர் ஹீட்டர் மாதிரிதான், 5, 10, 15 கிலோவாட் என்று அளவு இருக்கும். ஒரு யூனிட் கொடுத்தால் ஒரு யூனிட் வெப்பம், அதற்கு மேல் வராது. இதைத்தான் தெர்மோஸ்டாட்டில் ஆக்ஸ் ஹீட் என்று காட்டும்.

நான் செய்தது என்னவென்றால், தினமும் காலையில் எட்டு டிகிரி ஏற்றச் சொல்லிவிட்டேன். தெர்மோஸ்டாட் பார்த்தது, பம்ப் மட்டும் போதாது என்று 10 கிலோவாட் ஸ்ட்ரிப்பையும் சேர்த்துப் போட்டது. தினம் ஒன்றரை மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 450 யூனிட்டுக்கு மேல் அதற்கு மட்டுமே போகும். இரவில் மிச்சம் பிடித்ததைக் காலையில் வட்டியோடு கட்டினேன். ஆக, ஹீட் பம்ப் தெர்மோஸ்டாட்டில் மாட்டுவது சுலபம். ஸ்ட்ரிப்பை எப்போது விடுவது, எப்போது அடக்கி வைப்பது என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பதுதான் வேலை.

வாங்கும் முன்

முதலில் சுவரில் இருக்கும் பழையதன் முகத்தை இழுத்துப் பாருங்கள், பெரும்பாலும் கையோடு வந்துவிடும். மெல்லிய பல நிற வயர்கள் இருந்தால் அது 24 வோல்ட், நாம் தொடக்கூடியது. தடித்த இரண்டு அல்லது நான்கு வயர்கள், முறுக்கிப் பிளாஸ்டிக் தொப்பி போட்டு இருந்தால் அது 120 அல்லது 240 வோல்ட் நேரடியாக வரும் பேஸ்போர்டு ஹீட்டர் வகை. மூடி வைத்துவிடுங்கள், இந்த வழிகாட்டி அதற்கில்லை. வயர் மாட்டும் டெர்மினல்களில் ஏ, பி, சி, டி என்று வரிசையாக நான்கு எழுத்து இருந்தால் அது கேரியர் இன்ஃபினிட்டி மாதிரி தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கம்யூனிகேட்டிங் சிஸ்டம், கடையில் வாங்கும் சாதாரண தெர்மோஸ்டாட் அதில் வேலை செய்யாது.

உங்களுடையது ஹீட் பம்ப்தானா என்று சந்தேகமா? ஓ அல்லது பி டெர்மினலில் வயர் இருந்தால் பெரும்பாலும் ஹீட் பம்ப்தான் (எந்த எழுத்து எதற்கு என்று கீழே வருகிறது). இன்னொரு வழி, குளிர் நாளில் ஹீட் போட்டுவிட்டு வெளியே போய்ப் பாருங்கள், வெளி யூனிட் ஓடினால் சந்தேகமே இல்லை.

வாங்கும்போது பெட்டியில் ஹீட் பம்ப், ஆக்ஸ் ஹீட் இரண்டும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மிக மலிவான சிலவற்றில் ஆக்ஸ் இருக்காது. அதைவிட முக்கியம், வெளி வெப்பநிலையைப் பார்த்து ஆக்ஸை நிறுத்தும் வசதி. வைஃபை உள்ளவற்றில் பல வானிலைத் தகவலை இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும், மற்றவற்றுக்கு வெளியே ஒரு சென்சார் வைக்க வேண்டியிருக்கும். அந்த ஒரு வசதிக்காகவே இருபது முப்பது டாலர் கூடக் கொடுக்கலாம். தொடுதிரை, கலர், குரலில் பேசுவது எல்லாம் உங்கள் விருப்பம்.

பிரேக்கர், போட்டோ, பென்சில்

இரண்டு பிரேக்கர் இருக்கும், ஏர் ஹேண்ட்லருக்கு ஒன்று, வெளி யூனிட்டுக்கு ஒன்று. இரண்டையும் அணையுங்கள். பெரிய ஸ்ட்ரிப் இருந்தால் ஏர் ஹேண்ட்லருக்கே இரண்டு பிரேக்கர் இருக்கலாம், அதையும் பாருங்கள். 24 வோல்ட் உங்களுக்கு ஷாக் அடிக்காது, உண்மைதான், ஆனால் ஆர் வயர் சி வயரைத் தொட்டால் ஏர் ஹேண்ட்லர் போர்டில் இருக்கும் பியூஸ் போய்விடும். கார் பியூஸ் மாதிரியேதான் இருக்கும், ஊதா நிறம் என்றால் 3 ஆம்ப், வெளிர் பழுப்பு என்றால் 5 ஆம்ப். பியூஸ் இல்லாத பழைய பெட்டி என்றால் டிரான்ஸ்ஃபார்மரே போகும்.

அடுத்து போட்டோ. ஒன்று தூரத்தில் நின்று, ஒன்று மிக அருகில், எந்த வயர் எந்த எழுத்தில் என்று படிக்கும்படி. வயரைக் கழற்றுவதற்கு முன்பே ஒவ்வொன்றிலும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள், எழுத்தைப் பார்த்து ஒட்டுங்கள், நிறத்தைப் பார்த்து வேண்டாம். சிவப்பு ஆர், மஞ்சள் ஒய், பச்சை ஜி, ஆரஞ்சு ஓ, நீலம் சி, வெள்ளை டபிள்யூ என்று ஒரு வழக்கம் உண்டு. என் வீட்டில் வயரிங் செய்தவர் கையில் அன்றைக்கு நீலம் தீர்ந்துபோயிருக்க வேண்டும், சி டெர்மினலில் பழுப்பு வயர் இருந்தது.

கழற்றியதும் எல்லா வயரையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு பென்சிலில் சுற்றி வைத்துவிடுங்கள். பார்க்கச் சின்ன வேலை. செய்யாவிட்டால் வயர் நழுவிச் சுவருக்குள் விழும், அப்புறம் டார்ச்சும் வளைத்த ஹேங்கர் கம்பியுமாக அந்த ஞாயிறு போய்விடும்.

பழையது வட்டமாகவோ பெரிய பெட்டியாகவோ இருந்து உள்ளே கண்ணாடிக் குழாயில் வெள்ளித் துளி ஆடினால் அது பாதரசம். குப்பையில் போடாதீர்கள், கவுண்டியின் அபாயகரக் கழிவு மையத்தில் கொடுங்கள்.

எந்த எழுத்து எதற்கு

ஆர் என்பது 24 வோல்ட் வரும் வயர். புதியதில் ஆர்சி, ஆர்எச் என்று இரண்டு இருந்தால், ஹீட் பம்பில் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றுதான் என்பதால் இரண்டும் இணைந்திருக்க வேண்டும். சிலவற்றில் குட்டிக் கம்பி ஒன்று இணைக்கும், சிலவற்றில் உள்ளேயே நடக்கும். சி திரும்பிப் போகும் பாதை, தெர்மோஸ்டாட்டுக்கே தொடர்ந்து கரண்ட் வர இது வேண்டும். ஒய் கம்ப்ரஸரை ஓட்டும், ஜி உள் ஃபேனை. ஒய்2 இருந்தால் உங்கள் கம்ப்ரஸர் இரண்டு வேகக்காரர். டபிள்யூ2 அல்லது ஆக்ஸ் என்பது ஸ்ட்ரிப். ஈ என்பது எமர்ஜென்ஸி ஹீட், அதாவது பம்பை நிறுத்திவிட்டு ஸ்ட்ரிப் மட்டும் ஓடுவது; புதியதில் ஆக்ஸ், ஈ இரண்டுக்கும் தனித்தனி இடம் இருந்து உங்களிடம் ஒரே வயர்தான் இருந்தால், அதை ஆக்ஸில் போட்டு, அங்கிருந்து ஈக்கு ஒரு துண்டு வயர் கொடுங்கள், சில மாடல்களில் அதுகூட வேண்டாம். எல் என்று ஒன்று இருந்தால் அது பழுதுவிளக்குக்கானது, சி என்று நினைத்துவிடக் கூடாது. புதியதில் இடம் இல்லையென்றால் நுனியில் டேப் சுற்றி ஒதுக்கி வையுங்கள்.

இனி ஓ/பி. பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான், கொஞ்சம் நின்று படியுங்கள். திசையை மாற்றும் ரிவர்சிங் வால்வுக்குப் போகும் வயர் இது. பெரும்பாலான கம்பெனிகள், கேரியர், லெனாக்ஸ், குட்மேன், ட்ரேன் எல்லாம், குளிரூட்டும்போது இந்த வயருக்குக் கரண்ட் கொடுப்பார்கள், அது ஓ. ரீம், ரூட் இரண்டும் சூடாக்கும்போது கொடுப்பார்கள், அது பி. புதிய தெர்மோஸ்டாட்டில் ஓ/பி என்று ஒரே டெர்மினல்தான் இருக்கும், எது என்பதை செட்டப்பில் சொல்ல வேண்டும்.

பழைய ட்ரேன், அமெரிக்கன் ஸ்டாண்டர்ட் யூனிட்டுகளில் ஒரு பொறி இருக்கிறது. அவற்றில் ஓ என்று ஒரு வயரும் பி என்று ஒரு வயரும் இரண்டுமே இருக்கும், அந்த பி உண்மையில் சி. அதைக் கொண்டுபோய் ஓ/பியில் மாட்டினால், அந்த டெர்மினலுக்குக் கரண்ட் வந்ததுமே பியூஸ் போகும். ஓவும் பியும் இரண்டும் இருந்தால் சும்மா ஊகிக்காமல் ஏர் ஹேண்ட்லர் மூடியைத் திறந்து, அந்த வயர் அங்கே எங்கே போகிறது என்று பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. கேஸ் ஃபர்னஸ், அதாவது கேஸ் எரித்துச் சூடாக்கும் பெட்டி, இருந்த வீட்டில் வளர்ந்த பழக்கத்தில் வெள்ளை வயரை ஃபர்னஸுக்கான டபிள்யூ1-ல் போட்டு, சிஸ்டம் வகை சாதாரண ஃபர்னஸ் என்று தேர்ந்தெடுத்தால் வீடு நன்றாகச் சூடாகும், யாருக்கும் எந்தக் குறையும் தெரியாது. ஏனென்றால் குளிர்காலம் முழுக்க ஸ்ட்ரிப் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

சி வயர் இல்லாவிட்டால்

முதலில் சுவருக்குள் மடித்து வைத்த உபரி வயர் இருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள், பல வீடுகளில் இருக்கும். இருந்தால் மறுமுனையை ஏர் ஹேண்ட்லரில் சி டெர்மினலில் மாட்டினால் முடிந்தது. இல்லையென்றால் பிளக்கில் செருகும் 24 வோல்ட் அடாப்டர் கடையில் கிடைக்கும், வயர் சுவர் மேல் தெரியும் என்பதுதான் குறை. சி இல்லாமலே ஓடும் என்று சொல்லும் மாடல்கள் மற்ற வயர்களிலிருந்து கரண்டைத் திருடி பேட்டரியை நிரப்பிக்கொள்ளும். ஹீட் பம்பில் அதை நம்ப வேண்டாம் என்பேன், கடுங்குளிரில் திரை அணைந்து போவது அப்படித்தான்.

மாட்டுவது

பழைய இடத்திலேயே மாட்டுவதென்றால் இடம் பற்றிக் கவலையில்லை. புதிய இடமென்றால் தரையிலிருந்து சுமார் ஐந்து அடி உயரம், உட்சுவர், வெயிலோ காற்று வரும் வென்ட்டோ அடுப்போ பக்கத்தில் கூடாது. வயர் வரும் ஓட்டையைக் கொஞ்சம் பஞ்சோ புட்டியோ வைத்து அடைத்துவிடுங்கள், சுவருக்குள்ளிருந்து வரும் குளிர்காற்று நேராகச் சென்சாரில் பட்டால் வீடு 68-ல் இருந்தாலும் அது 64 என்று நினைக்கும்.

வயர் நுனியில் ஒரு சென்டிமீட்டருக்குத் தோலை உரித்து, நேராக்கி, செருகி, இழுத்துப் பார்த்து உறுதி செய்யுங்கள். செம்பு வெளியே தெரியக் கூடாது. முகத்தை மாட்டிவிட்டுப் பிரேக்கர்களைப் போடுங்கள்.

திரை வரவில்லையா? பதறாதீர்கள். ஏர் ஹேண்ட்லர் மூடியைத் திறந்திருந்தால், மூடி சரியாக உட்காராமல் அங்கிருக்கும் சின்ன சேஃப்டி சுவிட்ச் அழுந்தாமல் இருக்கும். எனக்கு இதுதான் ஆனது, அரை மணி நேரம் வயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்தது பியூஸ். மூன்றாவது, தண்ணீர் வடியும் தட்டில் இருக்கும் மிதவை சுவிட்ச், தட்டு நிறைந்தால் அதுவும் கரண்டை நிறுத்தும். மல்டிமீட்டர் இருந்தால் ஏசி வோல்ட்டில் வைத்து ஆர், சி இரண்டுக்கும் நடுவே பாருங்கள், 24 முதல் 28 வரை காட்ட வேண்டும்.

செட்டப்

சிஸ்டம் வகை: ஹீட் பம்ப். துணை வெப்பம்: மின்சாரம். ஓ/பி: மேலே சொன்னபடி. கேஸ் ஃபர்னஸோடு சேர்ந்த டூயல் ஃபியூல் என்றால் அதைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், அங்கே பம்பும் ஃபர்னஸும் ஒரே நேரத்தில் ஓடக் கூடாது.

இப்போது லாக்அவுட், அதாவது எந்த வெளி வெப்பநிலைக்கு மேல் ஆக்ஸ் வரவே கூடாது என்ற எண். இகோபீ கம்பெனித் தெர்மோஸ்டாட்டில் திரெஷோல்ட்ஸ் என்ற பகுதியில் இருக்கும், ஹனிவெல்லில் இன்ஸ்டாலர் செட்டப்புக்குள், நெஸ்டில் எண்ணுக்குப் பதில் ஹீட் பம்ப் பேலன்ஸ் என்று மிச்சமா சுகமா என்று கேட்கும். நான் 35 வைத்திருக்கிறேன். ராலேயில் ஜனவரி இரவுகள் சராசரியாக உறைநிலையை ஒட்டித்தான் இருக்கும், அதனால் இந்த எண் இங்கே சரியாக வருகிறது. உங்கள் வீட்டில் 36 டிகிரி நாளில் பம்ப் தனியாகத் தாக்குப்பிடிக்காமல் வீடு மெல்லக் குளிர்ந்தால் 40 ஆக்குங்கள். எதிர்ப்பக்கம் கம்ப்ரஸரை எந்தக் குளிரில் நிறுத்துவது என்றும் ஒரு எண் கேட்கும். மின்சார ஸ்ட்ரிப் மட்டும் உள்ள வீட்டில், யூனிட் தயாரித்தவர் வேறு சொல்லாதவரை, அதை நிறுத்தவே வேண்டாம். 20 டிகிரியிலும் பம்ப் ஸ்ட்ரிப்பை விட மலிவாகத்தான் சூடாக்கும்.

சோதனை

ஹீட்டில் வைத்து இரண்டு டிகிரி மட்டும் ஏற்றுங்கள். உடனே ஒன்றும் நடக்காது, கம்ப்ரஸரைக் காப்பாற்ற ஐந்து நிமிடம் வரை காத்திருக்கும். ஓடத் தொடங்கியதும் வெளி யூனிட்டுக்குப் போய், கறுப்பு ஸ்பாஞ்ச் சுற்றிய தடித்த குழாயில் செம்பு தெரியும் இடத்தை விரலால் லேசாகத் தொட்டு எடுங்கள், நன்றாகச் சூடாக இருக்கலாம். சூடு என்றால் சரி. குளிர்ந்திருந்தால் ஓ/பி தலைகீழ், செட்டப்பில் மாற்றினால் போதும், வயரைத் தொட வேண்டாம். பிறகு கூலுக்கு மாற்றுங்கள், வெளியே "புஸ்ஸ்" என்று ஒரு பெரிய மூச்சுச் சத்தம் வரும், அதுதான் வால்வு திரும்புவது. கடைசியாக எமர்ஜென்ஸி ஹீட்டில் இரண்டு நிமிடம்: வெளி யூனிட் நிற்க வேண்டும், வென்ட்டில் காற்று நல்ல சூடாக வர வேண்டும், முதல் தடவை கொஞ்சம் தூசி கருகும் வாடையும் வரும்.

அம்மா முதல் முறை டிசம்பரில் வந்திருந்தபோது வென்ட்டுக்கு நேரே கையை வைத்துப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இது ஹீட்டரா ஃபேனா?" என்றார். ஹீட் பம்ப் காற்று 85 முதல் 100 டிகிரி வரைதான் இருக்கும், நம் உடம்புச் சூட்டை ஒட்டி, அதனால் கைக்குக் குளிர்ச்சியாகவே தெரியும். பழுது இல்லை. அது மெதுவாக, நீண்ட நேரம் ஓடித்தான் சூடாக்கும், குளிர் நாளில் மணிக்கணக்கில் நிற்காமல் ஓடினாலும் கவலைப்பட வேண்டாம்.

அட்டவணை

குளிர்காலத்தில் பகல் 68, இரவு 66. இதற்கு மேல் இறக்காதீர்கள். அமெரிக்க எரிசக்தித் துறை 7 முதல் 10 டிகிரி வரை எட்டு மணி நேரம் குறைத்தால் ஆண்டுக்கு 10 சதவீதம் வரை மிச்சம் என்று சொல்வது பிரபலம், ஆபீசில் நான் கேட்டதும் அதுதான். அதே துறை ஹீட் பம்புக்கு இந்த அறிவுரை பொதுவாகப் பொருந்தாது என்றும் சொல்கிறது, அந்தப் பாதி யார் காதிலும் விழுவதில்லை. ஊருக்குப் போகும்போது இரண்டு மூன்று வாரம் 58-ல் விட்டுப் போவது வேறு விஷயம், அது லாபம்தான். திரும்பி வந்ததும் மட்டும் படிப்படியாக ஏற்றுங்கள்.

அடாப்டிவ் ரிக்கவரி அல்லது ஸ்மார்ட் ரிக்கவரி என்று ஒன்று இருந்தால் போட்டு வையுங்கள். அப்போது 6 மணிக்கு 68 என்றால் 6 மணிக்கு 68 ஆகியிருக்கும்படி முன்கூட்டியே மெல்லத் தொடங்கும், ஸ்ட்ரிப்பைக் கூப்பிடத் தேவை வராது. இதைப் போட்டுவிட்டு, குளிருது என்று யாராவது கையால் ஒரேயடியாக நான்கு டிகிரி ஏற்றினால் எல்லாம் வீண். எங்கள் வீட்டில் ஒரு தடவைக்கு ஒரு டிகிரி என்று சட்டம், பிள்ளைகள் மதிக்கிறார்கள், விருந்தாளிகள் மதிப்பதில்லை.

கோடையில் இப்படிக் கட்டுப்பாடு கிடையாது, கூலிங்கில் ஸ்ட்ரிப் வராது; பகலில் ஆள் இல்லையென்றால் 80 வரை விடலாம், ஈரப்பதம் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபேனை மட்டும் ஆட்டோவில் வையுங்கள். ஆன் என்று வைத்தால், கம்ப்ரஸர் நின்ற பிறகும் ஈரமான சுருளின் மேல் காற்று ஓடி, பிழிந்தெடுத்த ஈரத்தையே வீட்டுக்குள் திருப்பி அனுப்பும். கரோலினா ஆகஸ்டில் அது தெரியும். மார்ச்சில் காலை 40, மதியம் 75 என்று போகும் நாட்களில் ஹீட்-கூல் ஆட்டோ வைத்தால் இரண்டுக்கும் நடுவே ஐந்து டிகிரி இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் காலையில் சூடாக்கியதை மதியம் குளிர்விக்கும்.

எமர்ஜென்ஸி ஹீட் என்ற பெயரைப் பார்த்துவிட்டு, வெளியே ரொம்பக் குளிர், அவசரம்தானே என்று போடுகிறவர்கள் உண்டு. அது பம்பை நிறுத்திவிட்டு ஸ்ட்ரிப்பில் மட்டும் ஓட்டும். வெளி யூனிட் பழுதாகி ஆள் வரும்வரை பயன்படுத்துவதற்கு.

அதே மாதிரி, ஒரு குளிர் காலையில் வெளி யூனிட்டிலிருந்து குபுகுபுவென்று வெள்ளைப் புகை கிளம்பும், ஃபேன் நின்றிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டியே சொன்னார். புகை அல்ல, நீராவி. சுருளில் படிந்த பனியைக் கரைக்க யூனிட் சில நிமிடம் தலைகீழாக ஓடுகிறது, அந்த நேரத்தில் வீட்டுக்குள் குளிர்காற்று வராமல் இருக்க ஸ்ட்ரிப்பும் சேர்ந்து வரும். இதை வெளி யூனிட் போர்டே செய்கிறது, நீங்கள் வைத்த லாக்அவுட் இதைத் தடுக்காது, தடுக்கவும் கூடாது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் பழையபடி ஓடவில்லை என்றாலோ, யூனிட் முழுக்கப் பனிக்கட்டியாக உறைந்து நின்றாலோ, 45 டிகிரி நாளிலும் ஆக்ஸ் இல்லாமல் வீடு சூடாகவே இல்லை என்றாலோ மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், தெர்மோஸ்டாட்டைத் திருகிப் பயனில்லை.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் எந்த வயர் எந்த எழுத்தில், ஓவா பியா, ஸ்ட்ரிப் எத்தனை கிலோவாட், லாக்அவுட் எண் என்ன என்று ஒரு தாளில் எழுதி ஏர் ஹேண்ட்லர் மூடியின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். என் வீட்டில் எனக்கு முன் இருந்தவர் ஒட்டியிருந்த தாள் ஒன்று அங்கே இருந்தது. பழுப்பு வயர்தான் சி என்று அதில் தெளிவாக எழுதியிருந்தார், நான் எல்லாம் முடிந்த பிறகுதான் பார்த்தேன்.